பழைய ஆவணம் உடையாமல் இருக்க: லாடெக் பேக்கேஜ் பராமரிப்பு பற்றி ஓர் ஆய்வு

கணிதம், இயற்பியல், கணினியியல் துறைகளில் எழுதப்படும் ஆய்வேடுகள் பெரும்பாலும் லாடெக்கில்தான் கோக்கப்படுகின்றன. அப்படிப்பட்ட ஓர் ஆய்வேட்டின் மூலக் கோப்பைத் திறந்தால், முதல் பக்கம் முழுவதும் 'யூஸ்பேக்கேஜ்' என்ற கட்டளை வரிசைகட்டி நிற்கும். பக்க ஓரங்களுக்கு ஜியாமெட்ரி, சமன்பாடுகளுக்கு ஏஎம்எஸ்மேத், சொடுக்கினால் தாவும் இணைப்புகளுக்கு ஹைப்பர்ரெஃப், துணைநூற்பட்டியலுக்கு பிப்லாடெக், வரைபடங்களுக்கு டிக்ஸ் என்று இருபது முப்பது பேக்கேஜ்கள் சாதாரணமாகச் சேர்ந்துவிடும். ஆய்வேட்டை எழுதிய மாணவருக்கு இவற்றின் பெயர்கள் மனப்பாடம். இவற்றை எழுதியவர்கள் யார், இன்று பார்த்துக்கொள்பவர்கள் யார் என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தக் கேள்வியே எழாமல் ஒருவர் ஆய்வேட்டை முடித்துவிட்டார் என்றால், எங்கோ யாரோ ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறார்கள்.

அந்த வேலையைப் பற்றியது இந்தக் கட்டுரை. ஆவணங்களை அச்சுக்கோக்கும் கட்டற்ற மென்பொருள் ஒன்றின் துணைப் பேக்கேஜ்களை யார், எந்த முறையில் பராமரிக்கிறார்கள்? பராமரிப்பவர் விலகினால் என்ன ஆகிறது? மாற்றத்துக்கும் நிலைத்தன்மைக்கும் நடுவே என்னென்ன வழிகள் முயன்று பார்க்கப்பட்டுள்ளன? இவற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது ஒரு முடிவு தெளிவாகிறது. பேக்கேஜ் பராமரிப்பின் உயிர்நாடி, ஏற்கெனவே எழுதப்பட்ட ஆவணங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது. புதிய வசதிகள் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகின்றன. அந்த வாக்கின் பெரும்பகுதி இன்னமும் தனி ஆட்களின் ஓய்வு நேரத்தை நம்பியே நிற்கிறது என்பதுதான் கவலைக்குரிய செய்தி.

உறைந்த அடித்தளம்

கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத் 1977-இல், லாடெக்கின் அடித்தளமான டெக்கை உருவாக்கத் தொடங்கினார். தம்முடைய நூலின் புதிய பதிப்புக்கு வந்த மெய்ப்புகளின் தரம் அவருக்குப் பிடிக்கவில்லை. கணிதத்தை அழகாக அச்சிடும் கருவியைத் தாமே செய்துகொள்வது என்று இறங்கினார். 1990 வாக்கில் அவர் எடுத்த முடிவு மென்பொருள் உலகில் அபூர்வமானது. இனி டெக்கில் புதிய வசதி எதுவும் சேராது. வழுக்கள் மட்டுமே திருத்தப்படும். பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்திலும் 'பை' மதிப்பை ஓர் இலக்கம் நெருங்கும். 2021-இல் அது 3.141592653 ஆனது. தம் மறைவுக்குப் பிறகு மிஞ்சும் வழுக்கள் எல்லாம் டெக்கின் இயல்புகளாகவே கருதப்பட வேண்டும் என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். வழுவைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களுக்கு 2.56 டாலரில் தொடங்கிய காசோலை, ஏற்றப்பட்டு 327.68 டாலரில் நின்றது.

அடித்தளம் அசையாது என்ற இந்த உறுதியே டெக்கின் பெரிய பலம். அதே உறுதி, வளர வேண்டியவை அனைத்தையும் மேல்தளத்துக்குத் தள்ளியது. லெஸ்லி லாம்போர்ட் 1980-களின் முற்பகுதியில் டெக்கின்மீது லாடெக்கைக் கட்டினார். ஃபிராங்க் மிட்டல்பாக் முதலானோர் அடங்கிய குழு பொறுப்பேற்று 1994-இல் லாடெக்2ஈ பதிப்பை வெளியிட்டது. பேக்கேஜ் என்ற ஏற்பாடு இன்றுள்ள வடிவத்தில் நிலைபெற்றது அப்போதுதான். மையத்தில் இல்லாததை யார் வேண்டுமானாலும் எழுதிச் சேர்க்கலாம் என்று கதவு திறந்தது. வண்ணம், அட்டவணை, இசைக்குறிப்பு, சதுரங்கக் கட்டம், வேதியியல் வாய்பாடு என எல்லாவற்றுக்கும் பேக்கேஜ்கள் வந்தன. டெக் சார்ந்தவற்றின் மையக் களஞ்சியமான சிடானில் இன்று 6000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் உள்ளன.

ஒரே அறையில் எல்லோரும்

மற்ற நிரல் மொழிகளின் நூலகங்களோடு ஒப்பிட்டால் லாடெக் பேக்கேஜின் சிக்கல் தனி வகை. இன்றைய மொழிகளில் ஒவ்வொரு நூலகத்துக்கும் தனிப் பெயர்வெளி உண்டு. ஒன்றின் உள்விவகாரம் மற்றொன்றைத் தொடாது. டெக்கில் அந்தச் சுவர் கிடையாது. எல்லாப் பேக்கேஜ்களும் எல்லாக் கட்டளைகளையும் பார்க்கலாம், திருத்தி எழுதலாம். உள்கட்டளைகளின் பெயரில் ஒரு சிறப்புக் குறியைச் சேர்த்து, இது வெளியாருக்கு அல்ல என்று சொல்லி வைப்பது வழக்கம். அது வேண்டுகோள் மட்டுமே, காவல் இல்லை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஒரு பக்கம் நிறைந்ததும் அதை வெளியே அனுப்பும் அடிப்படைக் கட்டளை டெக்கில் ஒன்றே ஒன்று. பக்கத்தின் பின்னணியில் 'வரைவு' என்று மங்கலாக அச்சிட விரும்பும் பேக்கேஜ் அந்தக் கட்டளையைத் திருத்தி எழுதியது. தாளை வெட்டுவதற்கான குறிகளை இடும் பேக்கேஜும் அதையே திருத்தியது. பக்கங்களை எண்ண விரும்பிய பேக்கேஜும் அப்படியே செய்தது. எது முதலில் ஏற்றப்படுகிறது என்பதைப் பொறுத்து ஒன்றின் வேலையை மற்றொன்று அழித்தது. ஹைப்பர்ரெஃப்பைக் கடைசியில் ஏற்று, இன்னின்னவற்றை மட்டும் அதற்கும் பின்னால் ஏற்று என்று மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் விதிகள் இப்படிப் பிறந்தவை. பயனர் கண்ணுக்கு இது புரியாத சடங்கு. பராமரிப்பாளருக்கோ, தாம் எழுதாத நூறு பேக்கேஜ்களோடு ஒத்துப்போக வேண்டிய அன்றாடக் கடமை.

இன்னும் நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. டெக் ஒரு வரியின் முடிவை இடைவெளியாக எடுத்துக்கொள்ளும். பேக்கேஜ் எழுதுபவர் கட்டளையின் வரையறைக்குள் வரி முடியும் இடத்தில் விழுக்காட்டுக் குறி இட்டு அதை மறைக்க வேண்டும். ஒரே ஒரு குறி விடுபட்டால், அந்தக் கட்டளை பத்தியின் நடுவே வரும்போதெல்லாம் கூடுதலாக ஓர் இடைவெளி விழும். கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்தில் 10 புள்ளி அளவில் அது சுமார் 3.33 புள்ளி, கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. ஆனால் அந்தப் பத்தியின் வரிகள் வேறிடத்தில் உடையும். ஒரு வரி கூடினால் பக்கம் தள்ளும், பக்கம் தள்ளினால் பொருளடக்கமும் சொல்லடைவும் மாறும்.

வழு தெரிந்துவிட்டது, ஒரு குறியைச் சேர்த்தால் போதும் என்று தோன்றும். பத்தாண்டுகளாக அந்தப் பேக்கேஜைப் பயன்படுத்தியவர்களில் சிலர் அந்தக் கூடுதல் இடைவெளியைக் கவனித்து, தங்கள் ஆவணத்தில் அதே அளவைக் கழிக்கும் கட்டளையை எழுதி வைத்திருப்பார்கள். வழுவைத் திருத்திய மறுநாள் அவர்களுடைய எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டும். பராமரிப்பாளர் செய்தது சரி. பயனரின் புகாரும் நியாயம். இந்தக் கட்டுரையின் மொத்தக் கேள்வியும் அந்த ஒற்றைக் குறிக்குள் அடங்கியிருக்கிறது.

களஞ்சியமும் விநியோகமும்

பேக்கேஜ்கள் பயனரை வந்தடையும் பாதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் தனித்தனியாக இருந்த சேமிப்பகங்களை ஒருங்கிணைத்து சிடான் உருவானது. பெர்ல் மொழியின் சிபான், ஆர் மொழியின் கிரான் ஆகியவை பெயரையும் அமைப்பையும் இதைப் பார்த்தே அமைத்துக்கொண்டன. பேக்கேஜை எழுதியவர் மூல நிரல், கையேடு, உரிமக் குறிப்பு ஆகியவற்றை ஒரே பொதியாக அனுப்புகிறார். சிடானில் உள்ள தன்னார்வலர்கள் உரிமம் தெளிவாக இருக்கிறதா, விளக்கக் கோப்பு உள்ளதா, பெயர் ஏற்கெனவே உள்ளதோடு மோதுகிறதா என்று கண்ணால் பார்த்துச் சேர்க்கிறார்கள். நிரலின் ஒவ்வொரு வரியையும் தணிக்கை செய்வது அவர்கள் வேலை அல்ல.

அங்கிருந்து டெக் லைவ், மிக்டெக் ஆகிய விநியோகங்கள் எடுத்துக்கொள்கின்றன. செபாஸ்டியன் ராட்ஸ் முன்னின்று 1996-இல் தொடங்கிய டெக் லைவ் ஆண்டுக்கொரு பதிப்பாக வெளிவருகிறது. ஆண்டு நடுவே பேக்கேஜ்கள் நாள்தோறும் புதுப்பிக்கப்படும்; வசந்த காலத்தில் பழைய பதிப்பு உறையும், புதியது தொடங்கும். சிடான் பொதுவாக ஒரு பேக்கேஜின் அண்மைப் பதிப்பை மட்டுமே வைத்திருக்கும். ஆக, பராமரிப்பாளர் இன்று ஏற்றும் திருத்தம் சில நாட்களில் உலகெங்கும் உள்ள கணினிகளுக்குப் போய்விடும். திரும்ப அழைக்க முடியாத வேகம் அது.

பொறுப்பு கைமாறும் முறை

பேக்கேஜை ஒருவர் எழுதுவது பெரும்பாலும் தம் சொந்தத் தேவைக்காக. ஆய்வேட்டை முடித்து வேறு வேலைக்குப் போன பிறகும், அந்தப் பேக்கேஜை நம்பி ஆயிரக்கணக்கானோர் எழுதிக்கொண்டிருப்பார்கள். எழுதியவர் களைத்துப் போகலாம், ஆர்வம் இழக்கலாம், இறந்தும் போகலாம். அந்த நிலையை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து உரிமத்துக்குள்ளேயே விதியாக எழுதி வைத்தது லாடெக் சமூகத்தின் அரிய சாதனை.

லாடெக் திட்டப் பொது உரிமம் என்ற அந்த ஆவணத்தில் 'தற்போதைய பராமரிப்பாளர்' என்ற பொறுப்பு வரையறுக்கப்பட்டிருக்கிறது. கைவிடப்பட்டதாகத் தோன்றும் பேக்கேஜை ஏற்க விரும்புபவர் முதலில் பழைய பராமரிப்பாளரைத் தேடிக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி செய்ய வேண்டும். அவர் கிடைத்துச் சம்மதித்தால் அறிவித்த உடனே பொறுப்பு மாறும். கிடைக்காவிட்டால், பொறுப்பேற்கும் எண்ணத்தைச் சமூகத்தின் முன் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். மூன்று மாதம் வரை யாரும் மறுக்காவிட்டால் அவர் தம் பெயரைப் பராமரிப்பாளராகச் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு மூன்று மாதத்துக்குள் பழையவர் திரும்பி வந்து கேட்டால், தொடர்பு விவரங்களைப் புதுப்பித்துத் தந்து பொறுப்பைத் திரும்பப் பெறலாம். சொத்து கைமாறும்போது காட்டும் கவனம் இதில் இருக்கிறது.

இதே உரிமத்தின் இன்னொரு பிரிவு நீண்ட வாதத்துக்கு உள்ளானது. ஒரு கோப்பை மாற்றினால் வேறு பெயர் கொடுத்துத்தான் வெளியிட வேண்டும் என்று தொடக்கப் பதிப்புகள் கூறின. ஒரே பெயருள்ள கோப்பு எல்லாக் கணினியிலும் ஒரே விளைவைத் தர வேண்டும் என்பதே அதன் நோக்கம். இது கட்டற்ற மென்பொருளின் சுதந்திரத்தைக் குறைக்கிறது என்று லினக்ஸ் விநியோகமான டெபியன் தரப்பில் எதிர்ப்பு வந்தது. நெடிய பேச்சுக்குப் பிறகு, மாற்றப்பட்ட பதிப்பு தன்னை அவ்வாறு தெளிவாக அறிவித்துக்கொண்டால் போதும் என்ற வகையில் 1.3 பதிப்பு தளர்த்தப்பட்டது. ஆவணத்தின் நிலைத்தன்மையும் நிரலின் சுதந்திரமும் நேருக்கு நேர் மோதி, இரண்டையும் காக்கும் சொற்கள் கண்டெடுக்கப்பட்ட நல்ல தருணம் அது.

நடைமுறையில் கைமாற்றம் எப்படி நடந்திருக்கிறது? ஹைப்பர்ரெஃப்பை எழுதியவர் செபாஸ்டியன் ராட்ஸ். அவருக்குப் பின் ஹைக்கோ ஓபர்டிக் பல ஆண்டுகள் அதைக் காத்தார். அத்துடன் டஜன் கணக்கான சிறு பேக்கேஜ்களையும் எழுதினார். பிற்பாடு அவை பெரும்பாலும் லாடெக் திட்டக்குழுவினரின் பொறுப்புக்கு வந்தன. பல மொழிகளுக்கான பேபெல், யோஹன்னஸ் பிராம்ஸ் கையிலிருந்து ஹாவியர் பெசோஸ் கைக்கு மாறியது. டில் டான்டாவ் எழுதிய பீமர், டிக்ஸ் இரண்டும் இன்று வேறு கைகளில் வளர்கின்றன. பிப்லாடெக்கும் அதன் முதல் ஆசிரியருக்குப் பின் ஒரு சிறு குழுவால் நடத்தப்படுகிறது.

இந்தப் பட்டியல் தரும் ஆறுதலுக்கு ஓர் எல்லை உண்டு. இவை எல்லோரும் அறிந்த பேக்கேஜ்கள்; கைவிடப்பட்டால் யாராவது ஓடிவருவார்கள். ஒரு துறைக்கோ ஒரு மொழிக்கோ மட்டும் தேவைப்படும் சிறு பேக்கேஜ்களுக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. மேலும், கைமாறிய பொறுப்புகள் பல ஒரே சிறு குழுவை நோக்கியே குவிகின்றன. தனி ஆள் என்ற அபாயம் நீங்கி, சிலர் மட்டும் என்ற அபாயம் வந்திருக்கிறது.

மாற்றலாமா, கூடாதா?

நிலைத்தன்மை குறித்து நான்கு வகை விடைகள் நடைமுறையில் உள்ளன.

முதலாவது, உறைய வைப்பது. 1994-க்குப் பின் சுமார் இருபது ஆண்டுகள் லாடெக் மையம் ஏறக்குறைய இந்த வழியில்தான் சென்றது. தெரிந்த வழுக்களைக்கூட மையத்தில் திருத்தவில்லை. திருத்தங்களைத் தனியொரு பேக்கேஜில் சேர்த்து, வேண்டியவர் ஏற்றிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். பழைய ஆவணங்கள் பிழைத்தன. ஆனால் புதிதாக எழுதுபவர்கள் அந்தத் திருத்தப் பேக்கேஜ் இருப்பதையே அறியாமல், என்றோ கண்டறியப்பட்ட வழுக்களோடு மல்லுக்கட்டினார்கள்.

இரண்டாவது, மாற்றிவிட்டுத் திரும்பிப் போக வழி வைப்பது. 2015-இல் கொள்கை மாறியது. திருத்தங்கள் நேரே மையத்துக்குள் சென்றன. பழைய தேதியைக் குறிப்பிட்டால் அன்றிருந்த நடத்தைக்கு மையம் திரும்பும் வசதியும் உடன் வந்தது. 2018-இல் பேக்கேஜ்களுக்கும் இதே வசதி நீட்டிக்கப்பட்டது. அந்த ஆண்டே யுடிஎஃப்-8 இயல்பான குறியாக்கமாக ஆனது. பழைய குறியாக்கத்தில் எழுதியவர்களுக்காக ஒரு மீட்புக் கட்டளையும் சேர்க்கப்பட்டது. 2020-இல் லாடெக்3 நிரலாக்க அடுக்கு மையத்துக்குள் வந்தது. அதே ஆண்டு கொக்கி அமைப்பும் அறிமுகமானது. முன்பு பேக்கேஜ்கள் ஒன்றையொன்று முட்டித் திருத்திய இடங்களில், இப்போது மையமே முறையான கொக்கிகளைத் தருகிறது. அவரவர் நிரலைக் கொக்கியில் மாட்டினால் போதும். வரிசையை மையம் பார்த்துக்கொள்ளும். பக்கத்தை அனுப்பும் கட்டளைக்கான சண்டை பெரிதும் ஓய்ந்தது இப்படித்தான்.

மூன்றாவது, எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைப்பது. நெதர்லாந்தில் ஹான்ஸ் ஹாகன் வளர்த்த, டெக் சார்ந்த கான்டெக்ஸ்ட் இந்த வழியைத் தேர்ந்தது. பெரும்பாலான வசதிகள் மையத்திலேயே உள்ளன, மோதல்கள் குறைவு. பழைய தலைமுறையை உறைய வைத்துவிட்டுப் புதிய தலைமுறையை அது தனியாகத் தொடங்குகிறது. ஒருமைப்பாடு கிடைக்கிறது. ஆனால் நூற்றுக்கணக்கான துறைகளின் தேவைகளை அவரவரே எழுதிச் சேர்க்கும் திறந்த சந்தை அந்த அளவுக்கு வளர்வதில்லை.

நான்காவது, பதிப்பைப் பூட்டி வைப்பது. பெர்லினில் உருவாகி 2023-இல் மூல நிரல் வெளியான டைப்ஸ்ட் என்ற புதிய அமைப்பில், பேக்கேஜை அழைக்கும்போதே துல்லியமான பதிப்பு எண்ணையும் எழுத வேண்டும். வெளியான பதிப்பு பிறகு மாறாது. லாடெக் உலகில் இதே பயனை விநியோக மட்டத்தில் அடைகிறார்கள். 1991 முதல் இயங்கும் ஆய்வுக் கட்டுரைச் சேமிப்பகமான ஆர்க்கைவ் ஆசிரியர்களிடம் டெக் மூலத்தையே வாங்கி வைப்பதால், பழைய கட்டுரைகளுக்கென்று பழைய டெக் விநியோகங்களையும் காத்து வைத்திருக்கிறது. இணையத்தில் லாடெக் எழுத உதவும் ஓவர்லீஃபில் ஒவ்வொரு ஆவணமும் தான் தொடங்கிய ஆண்டின் டெக் லைவோடு நிலைக்கும். ஆசிரியர் விரும்பினால் மாற்றலாம்.

பூட்டி வைப்பது எளிய விடையாகத் தெரியும். அது ஆவணத்தைக் காக்கிறது, பேக்கேஜைக் காப்பதில்லை. பழைய ஆண்டில் பூட்டப்பட்ட பாடநூலின் ஆசிரியருக்குப் புதிய எழுத்துருவோ புதிய பதிப்பகத்தின் பக்க அமைப்பை வரையறுக்கும் வகுப்புக் கோப்போ தேவைப்படும் நாளில், விட்டுப்போன பத்தாண்டு மாற்றங்களும் ஒரே நாளில் அவர்மீது இறங்கும். அதனால் இரண்டாவது வழியே சிறந்தது என்பது என் துணிபு. மாற்றம் சிறுகச் சிறுக வரட்டும், முன்கூட்டியே அறிவிக்கப்படட்டும், திரும்பும் வழியும் திறந்திருக்கட்டும். ஆனால் நான்கில் அதிக உழைப்பைக் கேட்பதும் அந்த வழிதான்.

சோதனை என்ற காவல்

அந்த உழைப்பின் பெரும்பகுதி சோதனையில் செலவாகிறது. லாடெக் குழு உருவாக்கிய எல்3பில்ட் என்ற கருவி ஒவ்வொரு வசதிக்கும் ஒரு சிறு சோதனை ஆவணத்தை ஓட்டி, டெக் எழுதும் பதிவுக் குறிப்பை முன்பே சேமித்த குறிப்போடு வரிக்கு வரி ஒப்பிடுகிறது. பெட்டிகளின் உயரம், அகலம், இடைவெளி எல்லாம் அந்தக் குறிப்பில் எண்களாக இருக்கும். முன்பு சொன்ன அந்த 3.33 புள்ளி இடைவெளி எங்கேனும் புகுந்தால் இங்கே உடனே அகப்படும். 2019 முதல் ஒவ்வொரு லாடெக் வெளியீட்டுக்கும் முன்னால் முன்னோட்டப் பதிப்பு ஒன்றும் வருகிறது. பேக்கேஜ் ஆசிரியர்கள் தங்கள் பேக்கேஜை அதில் ஓட்டிப் பார்த்து, உடைவதை முன்கூட்டியே சொல்லலாம்.

சோதனைக் கோப்புகள் இல்லாத பேக்கேஜில் பராமரிப்பாளரின் நினைவுதான் ஒரே சோதனை. அவர் விலகும்போது அதுவும் உடன் போய்விடுகிறது. அடுத்து வருபவர், ஒரு வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்று தெரியாமல் அதைத் தொட அஞ்சுகிறார். நிரலையும் விளக்கத்தையும் ஒரே கோப்பில் எழுதும் லாடெக்கின் பழைய மரபு இந்த இழப்பை ஓரளவு தடுக்கிறது. விளக்கத்தை மனமுவந்து எழுதியவர்களின் பேக்கேஜ்கள் கைமாறிய பிறகும் நன்றாகவே வாழ்கின்றன.

பயனருக்கும் இதில் பங்கு உண்டு. இருநூறு பக்க ஆய்வேட்டை அப்படியே அனுப்பி, 'ஓடவில்லை' என்று எழுதுபவர் பராமரிப்பாளரின் ஒரு மாலைப் பொழுதை எடுத்துக்கொள்கிறார். பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டே வந்து, சிக்கல் இன்னும் தெரியும் மிகச்சிறிய ஆவணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்துப் பதினைந்து வரியில் அந்த மாதிரியைச் செய்து அனுப்பும் பயனர், பாதி வேலையைத் தாமே முடித்துத் தருகிறார். பல நேரங்களில் வெட்டிக்கொண்டு வரும்போதே விடையும் கிடைத்துவிடும்.

நம் பக்கத்துத் தொடர்பு

இந்தக் கேள்வி நமக்கு வெளியூர்ச் செய்தி அல்ல. சென்னையிலும் புதுச்சேரியிலும் திருவனந்தபுரத்திலும் பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஆய்விதழ்களைக் கோத்துத் தரும் நிறுவனங்கள் பல உள்ளன. இந்திய டெக் பயனர் குழு 1998-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. பன்னாட்டு டெக் பயனர் குழுவின் ஆண்டு மாநாடு 2002-இலும் 2011-இலும் அங்கே நடந்தது. உலகின் எத்தனையோ கணிதக் கட்டுரைகளுக்கு இறுதி உருவம் கொடுத்தவர்கள் இந்த ஊர்களில் ப்ரூஃப் திருத்தி, பக்கம் கட்டும் ஊழியர்கள். பேக்கேஜ்களின் உண்மையான குறைகளை இவர்களைப் போல அறிந்தவர்கள் குறைவு. ஆனால் குறித்த நேரத்தில் வேலையை முடிக்க வேண்டிய நெருக்கடியில், உடைந்த பேக்கேஜை உள்ளேயே ஒட்டுப்போட்டு அடுத்த கட்டுரைக்குப் போவதே பல இடங்களில் வழக்கம். அந்த ஒட்டு மூலப் பேக்கேஜுக்குத் திரும்பிப் போவதில்லை. அடுத்த நிறுவனத்தில் இன்னொருவர் அதே வழுவை மறுபடி கண்டுபிடிக்கிறார்.

தமிழ் எழுத்தின் கதையிலும் பாடம் உண்டு. 'கொ' என்ற எழுத்தில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கும். கணினியில் சேமிக்கப்படுவதோ மெய்க்குப் பின்னால் ஒரே குறியாக. பழைய டெக் பொறிக்கு இந்த இடமாற்றம் தெரியாது. தனியே செய்த எழுத்துருக்களையும் முன்செயலிகளையும் வைத்துச் சமாளித்தார்கள். 2004-இல் ஜோனத்தன் கியூ உருவாக்கிய ஸீடெக், யூனிகோடையும் ஓப்பன்டைப் எழுத்துருக்களையும் நேரடியாகப் படித்து இதைத் தீர்த்தது. மற்றொரு டெக் பொறியான லுவாடெக்கில், எழுத்துகளைச் சரியான வடிவில் கோக்கும் ஹார்ஃப்பஸ் நூலகம் இணைக்கப்பட்டு 2020 டெக் லைவில் வந்த பிறகு, அங்கும் தமிழ் ஒழுங்காக வருகிறது.

பொறி தயார், மீதி பேக்கேஜ்களின் கையில். பன்மொழிப் பேக்கேஜ்களான பேபெல், பாலிகிளாசியா இரண்டிலும் தமிழுக்கான கோப்பு இருக்கிறது. சொல்லை வரி முடிவில் உடைப்பதற்கான விதிகளும் உள்ளன. தமிழ் நூல்களில் வரி முடிவில் சொல்லை ஒட்டுக்குறி இடாமலேயே உடைப்பது நெடுநாள் வழக்கம். இதை ஐரோப்பிய மொழியில் வாழும் பராமரிப்பாளர் எப்படி அறிவார்? 'இயல் 3' என்பதா '3-ஆம் இயல்' என்பதா, சொல்லடைவில் க்ஷ எங்கே வரும், தேதியை எப்படி எழுதுவது என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் தமிழில் நூல் செய்பவர்கள். பெரிய பேக்கேஜை எழுத வேண்டியதில்லை. இருக்கும் கோப்பில் ஒரு சொல்லைத் திருத்தி அனுப்புவதும் பராமரிப்புதான்.

புதிய சுமைகள்

அண்மை ஆண்டுகளில் இரண்டு பொறுப்புகள் கூடியிருக்கின்றன. ஒன்று, பார்வையற்றோருக்கான அணுகல். பிடிஎஃப் கோப்பில் எது தலைப்பு, எது பத்தி, எது அட்டவணைக் கட்டம் என்ற குறிச்சொற்கள் இருந்தால்தான் திரைவாசிப்பான் அதை ஒழுங்காகப் படிக்கும். ஐரோப்பிய அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. லாடெக் குழு 2020 முதல் இதற்கான பல்லாண்டுத் திட்டத்தில் இறங்கியிருக்கிறது. மையத்தின் முறையான கட்டளைகளைப் பயன்படுத்தும் பேக்கேஜ்களுக்குக் குறிச்சொற்கள் பெரும்பாலும் தாமே கிடைக்கும். தலைப்பையும் அட்டவணையையும் அடிமட்டக் கட்டளைகளால் தாமே கட்டிய பழைய பேக்கேஜ்களை ஒவ்வொன்றாகத் திருத்தியாக வேண்டும். பராமரிப்பாளர் இல்லாத பேக்கேஜ் இதுவரை பழையதாக மட்டுமே இருந்தது. இனி அது ஒரு பகுதி வாசகர்களை வெளியே நிறுத்தும் பேக்கேஜ் ஆகிவிடும்.

மற்றொன்று, பாதுகாப்பு. 2023-இல் லுவாடெக்கில் ஓர் ஓட்டை கண்டறியப்பட்டது. தீய நோக்கத்தோடு எழுதிய ஆவணத்தை ஓட்டினாலே கணினியில் விரும்பிய கட்டளையை இயக்க முடிந்தது. விரைந்து அடைத்தார்கள். 2024-இல் டெக்குக்கு வெளியே, எக்ஸ்இஸட் என்ற சுருக்க நூலகத்தில் நடந்தது இன்னும் கடுமையான எச்சரிக்கை. களைத்துப்போயிருந்த ஒற்றைப் பராமரிப்பாளரிடம் உதவுவதாகச் சேர்ந்து, நீண்ட காலம் நம்பிக்கையை வளர்த்த ஒருவர் கள்ளக் கதவை நுழைத்தார். யாரும் மறுக்காவிட்டால் பொறுப்பு மாறும் என்ற நம் உரிம விதி, வருபவர் யார் என்ற கேள்வியைச் சமூகத்தின் விழிப்பிடமே விட்டிருக்கிறது. அந்த விழிப்புக்கு ஆட்கள் வேண்டும்.

செய்யத்தக்கவை

லாடெக் பேக்கேஜ்களை மிகப் பெரும்பாலும் ஊதியமில்லாமல்தான் பராமரிக்கிறார்கள். 1980-இல் தோன்றிய பன்னாட்டு டெக் பயனர் குழு, 1989-இல் தோன்றிய ஜெர்மானியக் குழுவான டான்டே போன்றவை உறுப்பினர் சந்தாவிலிருந்து சில பணிகளுக்கு உதவுகின்றன. சில அறிவியல் கழகங்களும் பதிப்பகங்களும் தங்கள் ஆய்விதழ்களின் வகுப்புக் கோப்புகளைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. அந்த வகுப்புக் கோப்புகள் அடியில் ஏற்றிக்கொள்ளும் பேக்கேஜ்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

மேற்கண்ட ஆய்விலிருந்து சில கடமைகள் தெளிவாகின்றன. எந்தப் பேக்கேஜுக்கும் இரண்டாவது பராமரிப்பாளர் ஒருவர் முதலாமவர் நலமாக இருக்கும்போதே வேண்டும். விலக நினைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது பயனருக்குச் செய்யும் பெரிய உதவி. அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. புதிய வசதிக்கு முன்னால் சோதனைக் கோப்பு எழுதப்பட வேண்டும். சொந்தமாகத் திருத்திய இடங்களைக் கைவிட்டு, மையம் தரும் கொக்கிகளுக்கு மாற வேண்டும். பல்கலைக்கழகங்கள் ஒரு பேக்கேஜைப் பத்தாண்டு காத்தவரின் உழைப்பை ஆய்வுப் பங்களிப்பாக மதிக்க வேண்டும். அவர் காத்தது பிறருடைய ஆயிரம் ஆய்வுகளை. அச்சுக்கோப்பைத் தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள், தங்கள் ஊழியருக்கு வாரத்தில் சில மணி நேரத்தை மூலப் பேக்கேஜ்களைத் திருத்துவதற்காக ஒதுக்க வேண்டும். அது தானம் ஆகாது. அந்தப் பேக்கேஜ்களால்தான் அவர்களுடைய ஒவ்வொரு பக்கமும் உருவாகிறது.

டெக்கை அசையாமல் வைத்த கனூத்தின் முடிவு ஒரு தனிமனிதரின் உறுதியால் சாத்தியமானது. அசைய வேண்டிய பேக்கேஜ்களுக்கு அந்த வழி பொருந்தாது. மாறிக்கொண்டே, ஆனால் பழைய ஆவணத்தை உடைக்காமல் மாற வேண்டும் என்றால் சோதனை, கைமாற்ற விதி, திரும்பும் வழி ஆகிய மூன்றும் வேண்டும். லாடெக் சமூகம் இந்த மூன்றையும் உருவாக்கிவிட்டது. இவற்றை நாள்தோறும் இயக்கும் ஆட்களைத் தருவது, இதனால் பயன்பெறும் நம் எல்லோருடைய பொறுப்பு.